கணக்குப்பிள்ளை போட்ட அச்சும் 'அசல்' பக்தர்களும்

பழைய கார்ச் சந்தையில் ஒரு மந்திரச் சொல் உண்டு. 'அசல்'. இந்த ஒரு சொல்லை விளம்பரத்தில் சேர்த்துவிட்டால் போதும், துருப்பிடித்த போல்ட்டுக்குக்கூட மதிப்பு ஏறிவிடும். அசல் பெயிண்ட், அசல் சீட், அசல் எஞ்சின், டிக்கியில் கிடக்கும் அசல் ஸ்பானர் பை... இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 1962 முதல் 1970 வரை வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார்களின் பின்பக்க சஸ்பென்ஷனும் அசலாகவே இருக்க வேண்டும், அதைத் தொட்டால் பாவம் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறதே, அதைத்தான் ஒரு கை பார்க்க வேண்டியிருக்கிறது. பெயிண்ட் அசலாக இருந்தால் யாரும் சாவதில்லை. இந்த சஸ்பென்ஷன் சங்கதி அப்படி இல்லை.

ஸ்பிட்ஃபயர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனி செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார். துணிக் கூரை. உருவம் வரைந்தவர் ஜொவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் ஷோவில் வெளிவந்தது. 1980 வரை மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இதில் மார்க் 1, 2, 3 என்ற முதல் மூன்று வகைகள் மட்டும் ஏறக்குறைய 1,48,000. சண்டையே இந்த முதல் மூன்று வகைகளைப் பற்றித்தான்.

இந்தக் காரின் அடிப்பாகம் பெரும்பாலும் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு காரிலிருந்து எடுத்தது. ஹெரால்டு என்றதும் நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆமாம், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்துவந்த அதே 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு'தான். ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின்சக்கரம் இரண்டும் காலை மடக்கிக்கொண்டு நிற்குமே, அந்தக் கார். அது ஏன் அப்படி மடக்குகிறது என்று புரிந்துவிட்டால் மீதிக் கதை தானாகப் புரிந்துவிடும்.

லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகள் வளைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரியில் அது முன்பின்னாக இருக்கும், பக்கத்துக்கு ஒரு கட்டு. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பின்பக்கம் முழுவதற்கும் ஒரே கட்டு, காருக்குக் குறுக்காக. அதன் நடுப்பகுதி டிஃபரன்ஷியல் தலைமேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிஃபரன்ஷியலிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு அரை அச்சு போகிறது. அந்த அச்சின் உள்முனையில் மட்டும்தான் ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட். சக்கரத்துப் பக்கம் ஜாயிண்ட் கிடையாது. இதற்குப் பெயர் ஸ்விங் ஆக்சில்.

ஒரு கதவையும் அதன் கீலையும் படுக்கப் போட்டுக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீல் டிஃபரன்ஷியல் பக்கம், கதவின் ஓரத்தில் சக்கரம். சக்கரம் மேலே ஏறினால் அதன் தலை உள்பக்கம் சாயும். கீழே இறங்கினால் அதன் கால் உள்பக்கம் மடங்கும். நேரான ரோட்டில் இதனால் பெரிய தொல்லை ஒன்றுமில்லை. வளைவில்தான் வினை.

வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அந்த டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்துக் காரை உள்பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளும் விசை டயர் தரையைத் தொடும் இடத்தில். கீலோ அதற்கு மேலே உயரத்தில். ஆகவே அந்த அரை அச்சு, கம்பு ஊன்றித் தாண்டுகிறவன் கையிலிருக்கும் கம்பைப் போல, காரின் பின்பக்கத்தை மேலே நெம்புகிறது. பின்பக்கம் எழ எழச் சக்கரத்தின் கால் உள்ளே மடங்கும். மடங்க மடங்க டயர் தன் முழு அகலத்திலும் நிற்காமல் வெளி ஓரத்தில் நிற்கும். ஓரத்தில் நிற்கும் டயருக்குப் பிடிப்பு ஏது? பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகு 'ஐயோ, வேகம் அதிகமாகிவிட்டதே' என்று பயந்தவன் என்ன செய்வான்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். எடுத்ததும் எடை முன்பக்கம் போகும், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் எழும், மடங்கல் அதிகமாகும். அதாவது பயந்த மனிதன் இயல்பாக எதைச் செய்வானோ அதைச் செய்தவுடன் கார் கவிழ்த்துவிடப் பார்க்கிறது. மழை பெய்த ரோடு என்றால் கேட்கவே வேண்டாம். அனுபவமுள்ள டிரைவருக்கு இது தெரியும், காலை எடுக்கமாட்டான். அப்பா கொடுத்த காசில் முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய இருபது வயதுப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சரி, இப்படி ஒரு அமைப்பை ஏன் வைத்தார்கள்? இன்ஜினியர்களுக்கு மூளை இல்லையா? நன்றாகவே இருந்தது. இல்லாதது காசு.

ஹெரால்டு தயாரான காலத்தில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபுக்கு உடல் கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. ஒரே துண்டாக உடல் கூடு செய்து தர ஆள் இல்லை. அதனால் ஊரே கைவிட்டுக்கொண்டிருந்த தனிச் சேஸிஸ் முறைக்கு டிரையம்ஃப் திரும்பியது. மேல் தகடுகளைப் பல இடங்களில் செய்து வாங்கி அதன்மேல் பூட்டியது. கையில் பணம் குறைவு. 1961-ல் கம்பெனியே லேலண்டு கைக்குப் போய்விட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் 'நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்' என்று விளம்பரம் செய்ய ஆசை. எதிரே நின்ற ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கும் எம்.ஜி. மிட்ஜெட்டுக்கும் பின்பக்கம் பழைய ஒற்றை அச்சுதான். அதைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும், செலவும் ஆகக்கூடாது. இதற்கு ஸ்விங் ஆக்சிலைவிட மலிவான வழி கிடையாது. பக்கத்துக்கு ஒரே ஜாயிண்ட். சக்கரத்தை மேலிருந்து பிடிக்கத் தனிக் கை தேவையில்லை, ஸ்பிரிங் பட்டையே அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எழுதியவர்களுக்கு இந்த அழகு புரியும். ஒரு பொருளை இரண்டு வேலை செய்யவைத்து இரண்டாவது பொருளின் செலவை மிச்சம் பிடிப்பது!

ஆக, இன்று கண்காட்சிகளில் கண்ணாடி வைத்துக் குனிந்து பார்த்து 'ஆஹா, அசல்!' என்று மெச்சப்படும் இந்த பின்அச்சு, ஒரு இன்ஜினியரின் கனவு அல்ல. ஒரு கணக்குப்பிள்ளையின் செலவுத்தாள். பக்தர்கள் விழுந்து கும்பிடுவது அந்தச் செலவுத்தாளைத்தான்.

இது வெளியாளின் வம்பு என்று நினைத்தால், கம்பெனி தானே என்ன செய்தது என்று பாருங்கள். 1966-ல் இதே அடிப்பாகத்தில் இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் போட்டு ஜி.டி.6 என்று ஒரு கார் விட்டார்கள். பலம் கூடியதும் பின்பக்கத்தின் குணம் அப்பட்டமாகத் தெரிந்தது, பத்திரிகைகள் விளாசின. 1968-ல் வந்த ஜி.டி.6 மார்க் 2-ல் ஸ்விங் ஆக்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்க ஒரு விஷ்போன் கை, அரை அச்சில் ரோட்டோஃபிளெக்ஸ் என்ற ரப்பர் இணைப்பு என்று முறையான ஏற்பாடு செய்தார்கள். அப்படியானால் சரியான வழி கம்பெனிக்கு 1968-லேயே தெரியும். செய்தும் காட்டிவிட்டது. ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு அதைக் கொடுத்ததா? கடைசிவரை கொடுக்கவில்லை. விலை குறைந்த கார். அதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்பிட்ஃபயருக்கு 1970 இறுதியில், மார்க் 4 வந்தபோதுதான் விடிவு. அதுவும் மலிவு விடிவு. ஆனால் புத்திசாலித்தனமானது. பட்டைக் கட்டில் ஒரே ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்ற பட்டைகளை நடுவில் ஒரு பெட்டிக்குள் ஊஞ்சல் பலகை மாதிரி ஆடும்படி விட்டார்கள். 'ஸ்விங் ஸ்பிரிங்' என்று பெயர். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் கட்டு முழுவதும் எதிர்த்து நிற்கும். கார் வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டும் கட்டு நடுவில் திரும்பிக்கொடுக்கும். அதனால் வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் அளவுக்கு மீறிய பாரம் விழுவதில்லை, நெம்பலும் குறைகிறது. பின்பக்கம் சாய்வை எதிர்ப்பது குறைந்துபோனதால் அதை ஈடுகட்ட முன்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். 1973-ல் பின்சக்கரங்களின் இடைவெளியையும் அகலப்படுத்தினார்கள். அதே 1973-ல் ஜி.டி.6-க்கும் அந்த விலையுயர்ந்த ரோட்டோஃபிளெக்ஸைப் பிடுங்கிவிட்டு இதே ஸ்விங் ஸ்பிரிங்கைப் போட்டார்கள். செலவுத்தாள் மறுபடியும் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய இறுக்கமான பட்டைக்கு மட்டும் யாரும் திரும்பிப் போகவில்லை. கவனியுங்கள், யாருமே.

நம் ஊரையும் விட்டுவிட வேண்டாம். மெட்ராஸ் கம்பெனி 1972-ல் ஹெரால்டுக்கு அடுத்ததாக 'கெஸல்' விட்டபோது ஸ்விங் ஆக்சிலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய ஒற்றை அச்சுக்கே போய்விட்டது. 'அசல்' போயிற்றே என்று மெட்ராஸில் யாரும் அழுததாகத் தெரியவில்லை :-)

ஸ்விங் ஆக்சிலோடு மல்லுக்கட்டியவர்கள் டிரையம்ஃப் மட்டுமல்ல. மெர்சிடஸ் 300 எஸ்.எல்., அந்த இறக்கைக் கதவுக் கார், இன்று கோடிகளில் விலை போகிறது. 1957-ல் அதன் திறந்த கூரை வடிவம் வந்தபோது கம்பெனி கீலைக் கீழே இறக்கி, சமன்செய்ய ஒரு தனி ஸ்பிரிங்கும் சேர்த்தது. போர்ஷே, 356-ன் சூப்பர் 90 வகைக்கு டிஃபரன்ஷியலுக்கு அடியில் குறுக்கே ஒரு பட்டை கொடுத்தது. பிறகு 911 செய்தபோது ஸ்விங் ஆக்சிலையே கைவிட்டது. அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் கதை ஊரறிந்தது. 1960 மாடலாக வந்த கார். முன்டயருக்கு 15 பவுண்ட் காற்று, பின்டயருக்கு 26 பவுண்ட் காற்று என்று கையேட்டில் போட்டுவிட்டு, அந்த வித்தியாசத்தை வைத்தே காரை நேராக ஓட்டிவிடலாம் என்று நம்பியது ஜெனரல் மோட்டார்ஸ். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் கையேடு படித்துவிட்டா அடிப்பான்? முன்பக்க ஆன்டி-ரோல் பாரும் பின்பக்கக் குறுக்குப் பட்டையும் 1964-ல்தான் எல்லாக் கார்வேர்களுக்கும் வந்தன. 1965-ல் பின்பக்கம் முழுவதுமே மாறியது. அந்த ஆண்டு நவம்பரில்தான் ரால்ஃப் நேடரின் புத்தகம் வந்து கார்வேர் பெயர் நாறியது. கம்பெனிக்குள் அந்தத் திருத்தத்துக்கு நடந்த சண்டை, காருக்கு 15 டாலர் செலவு பற்றியது என்று அங்கே பெரிய பதவியில் இருந்த ஜான் டிலோரியன் பின்னாளில் சொன்னார். பதினைந்து டாலர்!

இங்கே பக்தர்கள் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். 1972-ல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, கார்வேர் தன் காலத்துக் கார்களைவிட மோசமில்லை என்று சொன்னதே என்பார்கள். சொன்னது உண்மை. எந்தக் கார்களோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பட்டியலில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ரெனோ டோஃபினும் இருந்தன. இரண்டும் ஸ்விங் ஆக்சில். வகுப்பில் பாதிப்பேர் ஃபெயில் ஆன பரீட்சையில் 'என் பையன் மற்றவர்களைவிட மோசமில்லை' என்று சொல்வது மாதிரிதான் இது.

அவர்களுடைய மற்ற வாதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சில வாதங்கள் நியாயமானவை.

முதலாவது, பழைய கார் ஒரு வரலாற்று ஆவணம், ஆவணத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருக்கும் காருக்கு இது நூற்றுக்கு நூறு சரி. அதை மாற்றுகிறவன் முட்டாள். ஆனால் பதிவு எண்ணும் இன்சூரன்ஸும் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஓட்டுகிற கார் ஆவணம் மட்டுமல்ல, வாகனமும்தான். எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவர்கள் ஆவணக் காப்பகத்துக்கு வரவில்லை. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம்கூட, ஓட்டும் தேவைக்காகச் செய்யும் மாற்றத்தை அடியோடு மறுக்கவில்லை. அடக்கமாகச் செய், திருப்பி மாற்றும்படி செய், கழற்றிய பாகங்களை வண்டியோடு வைத்திரு என்கிறது. ஸ்விங் ஸ்பிரிங் மாற்றத்தில் வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை. போல்ட்டைக் கழற்றிப் பழையதை எடுத்து, புதியதைப் போட்டு இறுக்குகிறார்கள். நாளைக்கே வேண்டுமென்றால் திருப்பிப் போடலாம். இதைவிட அடக்கமான மாற்றம் என்ன இருக்கிறது?

இரண்டாவது, சட்டம். 'மாற்றினால் பழைய காருக்கான சலுகை போய்விடும்' என்று பயமுறுத்துவார்கள். பிரிட்டனில் 2018 மே முதல் 40 வயது தாண்டிய கார்களுக்குக் கட்டாய எம்.ஓ.டி. பரிசோதனை கிடையாது, பெரிய மாற்றம் செய்யப்படாமல் இருந்தால். சஸ்பென்ஷன் வகையை மாற்றுவது பெரிய மாற்றம் என்றுதான் அந்த விதி சொல்கிறது. ஆனால் அதே விதி அடுத்த பத்தியில் விலக்கும் தருகிறது: அச்சு, சஸ்பென்ஷன் விஷயத்தில் பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அந்தக் கணக்கில் சேராது; அந்த வகைக் கார் உற்பத்தியில் இருந்த காலத்தில் வழக்கத்தில் இருந்த மாற்றமும் சேராது. ஸ்விங் ஸ்பிரிங் இரண்டு வாசல் வழியாகவும் உள்ளே வந்துவிடுகிறது. பக்தர்கள் முதல் பத்தியை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள்.

மூன்றாவது, 'மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது.' ஆகாதுதான். மெதுவாக ஓட்ட ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்பது கேலியாகத் தோன்றும், அதனால் வேறு மாதிரிக் கேட்கலாம். குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தால்? வளைவுக்கு அப்பால் டிராக்டர் நின்றுகொண்டிருந்தால்? வளைவின் நடுவில் காலைத் தூக்க வேண்டிய நிலை, வேகமாக ஓட்டுகிறவனுக்கு மட்டுமா வருகிறது?

நான்காவது, 'ஸ்பிட்ஃபயர் 1965-ல் லீ மான்ஸ் பந்தயத்திலேயே தன் வகுப்பில் ஜெயித்த கார்.' ஜெயித்தது. ஓட்டியவர்கள் பந்தயமே தொழிலாக இருந்தவர்கள். கார்கள் கம்பெனியே பந்தயத்துக்கென்று கட்டியவை. ஷோரூமிலிருந்து வந்த காரோடு அதை ஒப்பிடுவது கிரிக்கெட் வீரர் விளம்பரத்தில் வருகிற மட்டையைக் கடையில் வாங்கிவிட்டு செஞ்சுரி எதிர்பார்ப்பது போல.

இதுவரை ஒரு பக்கம். மறுபக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது, அதையும் சும்மா விடக்கூடாது. 'அப்கிரேடு' பைத்தியங்கள். கேட்லாக்கைப் புரட்டி, சிவப்பு நிறத்தில் பளபளக்கும் ஷாக் அப்சர்பர், பத்துப் பதினைந்து கிளிக்கில் திருகும் வகை, பாலியூரித்தேன் புஷ் ஒரு முழு செட் என்று வாங்கி மாட்டிவிட்டு 'பின்பக்கம் சரி பண்ணியாச்சு' என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள். கீல் அதே இடத்தில்தான் இருக்கிறது ஐயா! ஷாக் அப்சர்பர் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும், சக்கரம் மடங்கும் பாதையை மாற்றாது. புஷ் இறுக்கமானால் சத்தம் கூடும், கீல் இடம் மாறாது.

இதில் உச்சம், பின்பக்கத்தில் ஆன்டி-ரோல் பார் மாட்டுவது. 'முன்னே ஒன்று இருந்து நல்லதென்றால் பின்னேயும் ஒன்று இருந்தால் இரட்டிப்பு நல்லது' என்ற கணக்கு. கம்பெனி ஸ்விங் ஸ்பிரிங்கில் செய்தது என்ன? பின்பக்கம் சாய்வை எதிர்ப்பதைக் குறைத்தது. இவர்கள் செய்வது அதற்கு நேர் எதிர். வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் இன்னும் பாரத்தை ஏற்றி, அது மடங்கும் நேரத்தை முன்கூட்டியே வரவழைப்பது. காசு கொடுத்து வாங்கும் ஆபத்து. அதேபோல் ஸ்விங் ஸ்பிரிங்கை மட்டும் போட்டுவிட்டு முன்பக்கத் தடித்த பாரை விட்டுவிடுவதும் அரைவேலை. கார் வளைவில் தொட்டில் மாதிரி சாயும். இரண்டும் சேர்ந்ததுதான் கம்பெனி கொடுத்த மருந்து. பாதி மாத்திரை விழுங்கிவிட்டு டாக்டரைத் திட்டக்கூடாது.

பணம் குறைவாக இருக்கிறவர் அப்கிரேடு என்ற சொல்லை மறந்துவிட்டு முதலில் பார்க்க வேண்டியவை வேறு. ஐம்பது அறுபது வருடப் பட்டை தொய்ந்திருக்கிறதா, சக்கர பேரிங் ஆடுகிறதா, அரை அச்சின் வெளிமுனை தேய்ந்திருக்கிறதா? இந்தக் காரில் சக்கரத்தைப் பிடித்திருப்பதே அந்த அச்சுதான். அது சக்கரத்தருகே முறிந்தால் சக்கரம் காரைவிட்டுத் தனியாகப் போகும். இதைச் சரிபார்க்காமல் பளபள ஷாக் அப்சர்பர் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

கடைசியில் எல்லாம் விலையில் வந்துதான் நிற்கிறது. அசல் பட்டை இருந்தால் கார் கூடுதல் விலைக்குப் போகும் என்ற ஆசைதான், வரலாறு, பாரம்பரியம் என்ற பட்டு வேட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. கூடுதல் விலை விற்கிறவன் பைக்குப் போகிறது. ஆபத்து வாங்குகிறவனோடு வீட்டுக்குப் போகிறது. லாபம் ஒருவருக்கு, ரிஸ்க் இன்னொருவருக்கு. அன்று கம்பெனி செய்ததும் இதேதான்: மிச்சம் தொழிற்சாலையில், மீதி ரோட்டில். அறுபது வருடம் கழித்து அதே கணக்கை 'ரசிகர்' என்ற பெயரில் மறுபடி எழுதுகிறார்கள்.

விற்கிறவர் பழைய பட்டையைக் கழற்றி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, காரோடு சேர்த்துக் கொடுக்கட்டும். கண்காட்சிக்கு வேண்டுமென்றால் வாங்கியவர் போட்டுக்கொள்வார். நடுவர்களும் 1970-க்கு முந்தைய காரில் ஸ்விங் ஸ்பிரிங்கைப் பார்த்ததும் மதிப்பெண் குறைக்கும் பழக்கத்தை விட்டுவிடட்டும். ஓட்டிக்கொண்டு வந்த காருக்கும் லாரியில் ஏற்றி வந்த காருக்கும் ஒரே அளவுகோல் எதற்கு?

வாங்கப் போகிறவர் காருக்கு அடியில் படுக்கக்கூட வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டை விலக்கினால் ஒரு தகடு மூடி இருக்கும். ஸ்குரூக்களைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் டிஃபரன்ஷியல் தலையும் பட்டைக் கட்டின் நடுவும் தெரியும். பட்டைகளை ஒரு பெட்டி கவ்வியிருந்தால் ஸ்விங் ஸ்பிரிங். வெறும் தட்டை வைத்து நட்டு போட்டு இறுக்கியிருந்தால் பழையது. விலை பேசுவதற்கு முன்பு, விற்பவர் பக்கத்தில் நிற்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.